கொள்ளுதலும் அடக்குதலும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

ஆங்கில ஆட்சியுரையிலும் சட்டவுரையிலும் பெரிதும் பயின்று, அன்றாடப் பேச்சில் அருகியே வரும் வினைச்சொற்களுள் 'கம்ப்ரைஸ்' என்பதும் ஒன்று. முழுமையான ஒரு பொருள் தன் உறுப்புகள் அனைத்தையும் தன்பாற் கொண்டிருத்தலை அச்சொல் உணர்த்தும். அதனைத் தமிழிற் பெயர்ப்பதற்கு இன்று கையாளப்படும் சொற்கள் பல. அவை யாவும் ஒரு பொருளன எனக் கருதி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்குதலும் மிகுந்து வருகின்றது. அவை ஒரு பொருளன அல்ல என்பதும், அவற்றை மயங்க வழங்குவதால் உள்ளே இருப்பார் யார், புறத்தே நிற்பார் யார் என்பதே மாறிவிடும் என்பதும் ஈண்டு யாம் காட்ட முற்படுவன.

எடுத்துக்காட்டாக ஒரு தொடரை முதலிற் கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்தில் திண்டுக்கல் கிழக்கு, திண்டுக்கல் மேற்கு, ஆத்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், பழனி, கொடைக்கானல், வேடசந்தூர், குஜிலியம்பாறை என வட்டங்கள் 10 உள்ளன. இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவோர் 'கம்ப்ரைஸ்' என்னும் ஒரே வினையால் முடித்துவிடுவர். தமிழில் எழுதுவோருள் ஒருவர் 'மாவட்டம் 10 வட்டங்களைக் கொண்டது' என்பார். மற்றொருவர் 'மாவட்டத்தில் 10 வட்டங்கள் அடங்கியுள்ளன' என்பார். வேறொருவர் '10 வட்டங்களை உள்ளடக்கியது' என்பார். பிறிதொருவர் '10 வட்டங்கள் உள்ளிட்ட மாவட்டம்' என்றும் எழுதிவிடுவார். நான்கும் தமிழே. எனினும் நான்காவது தொடர் பிழை. மூன்றாவது பிழையன்றாயினும் ஐயத்திற்கு இடமாவது. முதலிரண்டும் இருவேறு நோக்கில் அமைந்தவை. இவ்வேறுபாட்டின் காரணம் அறிய அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் நலம்.

இலத்தீன் மொழியில் 'ப்ரெஹெந்தெரே' என்பது கையாற் பற்றுதலைக் குறிக்கும் வினை. 'ஒருங்கே' எனப் பொருள்தரும் 'கொம்' என்னும் முன்னொட்டு அதனொடு சேர்ந்து 'கொம்ப்ரெஹெந்தெரே' என்றாயிற்று. ஒருங்கே பற்றுதல், சேரப் பிடித்தல் என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழியில் 'கொம்ப்ராந்த்ர்' எனத் திரிந்தது. அதன் இறந்தகால எச்ச வடிவமாகிய 'கொம்ப்ரி' என்பதன் வழியாகவே ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டளவில் 'கம்ப்ரைஸ்' புகுந்தது. அதே இலத்தீன் வினையினின்றே, பொருளை உணர்தல் என்னும் கருத்துடைய 'காம்ப்ரிஹெண்ட்' என்பதும் ஆங்கிலத்திற்கு வந்தது. ஆகவே, உறுப்புகளைத் தன்பாற் கொண்டிருத்தலும் ஒன்றன் பொருளை அறிவாற் கொள்ளுதலும் ஒரு வேரின் இரு கிளைகள். கை பற்றிய பொருள் கைக்குள் அடங்குகின்றது. மனம் பற்றிய பொருள் அறிவில் அடங்குகின்றது.

இப்பொருள் வளர்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. நம் மொழியிற் 'கொள்' என்னும் வினை இவ்வழியே நடந்துள்ளது. கொள் என்பது முதற்கண் கையால் ஏற்றலும் பற்றலும் ஆம். பின்னர் அது கலமொன்றன் அளவைக் குறித்தது. 'இப்பானை எட்டுப் படி கொள்ளும்' என்பது நாட்டுப்புறத்தார் எல்லாரும் சொல்லும் சொல். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு பற்றிப் பொறியாளர் எழுதுவதும் அச்சொல்லை வைத்தே. கொள்கலம், கொள்முதல் என்பன இவ்வழியின. இனி, மனத்தின் தொழிலுக்கும் அதே வினை சென்றது. பொருள் கொள்ளுதல், உட்கொள்ளுதல், கொள்கை, குறிக்கோள், மேற்கோள் என வருவன அதற்குச் சான்று. செய்யுட்குப் பொருள் காணும் முறையைப் பொருள்கோள் என்று பெயரிட்டு எட்டு வகைப்படுத்திய நன்னூலார், இலத்தீன் மொழியை அறிந்து அப்பெயரை இட்டாரல்லர். 'பிடி' என்பதும் இத்தன்மையதே. விளங்காத ஒன்றைப் 'பிடிபடவில்லை' என்றே மக்கள் கூறுகின்றனர். தம்முள் தொடர்பில்லா இரு மொழிகள் ஒரே உருவகத்தின் வழியாக ஒரே இடத்தை அடைந்தமை எண்ணி மகிழத்தக்கது. இதனை வைத்து இரு மொழிக்கும் உறவு கூறப் புகுவார்க்கு மட்டும் இது துணையாகாது.

எனவே 'கம்ப்ரைஸ்' என்பதற்கு நேரான தமிழ் வினை கொள் என்பதே ஆம். 'மாவட்டம் 10 வட்டங்களைக் கொண்டது' என்னும் தொடரில் மாவட்டம் எழுவாய், வட்டங்கள் செயப்படுபொருள், எண்ணிக்கை நிறைவுற்றது. பதினோராவது வட்டத்திற்கு அத்தொடரில் இடமில்லை. ஆங்கில இலக்கண நூலோர் அச்சொல்லுக்கு விதிக்கும் இயல்பும் இதுவே. முழுமைதான் உறுப்புகளைக் கொள்ளும். உறுப்புகள் முழுமையைக் கொள்ளா. உறுப்புகள் முழுமையை ஆக்குதற்குக் 'கம்போஸ்' என்னும் வேறு சொல் அம்மொழியில் உண்டு. இவ்விரண்டையும் கலந்து, முழுமை உறுப்புகளால் 'கொள்ளப்பட்டது' என்னும் பாங்கில் எழுதும் வழக்கு 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டது. இன்றளவும் அதனைப் பிழையென்பாரும் வழக்கென்பாரும் உளர். தமிழில் இம்மயக்கம் எழுவதற்கே இடமில்லை. 'வட்டங்கள் மாவட்டத்தைக் கொண்டன' என்று ஒரு சிறுவனும் சொல்லான். இரண்டாம் வேற்றுமை உருபு காவலாய் நிற்கின்றது.

இனி, 'கம்ப்ரைஸ்' என்பதன் அருகில் வைத்து எண்ணப்படுவது 'இன்க்ளூட்' என்பது. இதன் வேர் வேறு. 'க்லாவுதெரே' என்னும் இலத்தீன் வினை அடைத்தலையும் மூடுதலையும் குறிக்கும். திறவுகோலைக் குறிக்கும் 'க்லாவிஸ்' என்னும் பெயரும் அதற்கு இனமானது. ஆகவே 'இன்க்ளூட்' என்பது உள்ளே வைத்து அடைத்தல். 'எக்ஸ்க்ளூட்' என்பது வெளியே நிறுத்தி அடைத்தல். இரண்டிலும் கதவு ஒன்றே. நிற்கும் இடமே வேறு.

பூட்டிற்குப் பேர்போன திண்டுக்கல்லைக் களமாகக் கொண்ட கட்டுரையில் இவ்விடத்தைக் கடந்து செல்லல் இயலாது. அவ்வூர்ப் பூட்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் பூட்டு என்னும் தமிழ்ச்சொல் அடைத்தலிற் பிறந்ததன்று. உண் என்பது ஊட்டு என்றும், காண் என்பது காட்டு என்றும் பிறவினையானாற் போலப் பூண் என்பது பூட்டு என்றாயிற்று. பூணுதல் அணிதலும் பொருந்துதலும் ஆம்; பூட்டுதல் அணிவித்தலும் பொருத்துதலும் ஆம். உழவன் ஏர் பூட்டுகின்றான். வண்டிக்காரன் மாடு பூட்டுகின்றான். இரு தலையும் வந்து பொருந்துமாறு பொருள் காணும் முறையைப் பூட்டுவிற் பொருள்கோள் என்கின்றோம். கதவுக்குப் பூட்டு வந்தது இப்பொருத்துதலின் வழியாகவே. இலத்தீன் மொழியார் அடைப்பிலிருந்து உட்படுத்தலுக்குச் சென்றனர்; தமிழர் இணைப்பிலிருந்து அடைப்பிற்குச் சென்றனர். ஒரு சொல்லின் வேரை அறிந்தவுடன் அதன் இன்றைய பொருளும் அவ்வேரளவே என்று முடிவுகட்டுதல் தகாது என்பதை யாம் அறிவோம். ஆயினும் வேரின் நிழல் சொல்லின்மேல் விழுவதுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

'கம்ப்ரைஸ்', 'இன்க்ளூட்' இரண்டிற்கும் உள்ள பொருள் வேறுபாடு யாதெனின், முன்னது எண்ணிக்கையை நிறைவு செய்வது. பின்னது எண்ணிக்கையைத் திறந்து வைப்பது. முன்னதன்பின் வரும் பட்டியல் முடிந்த பட்டியல். பின்னதன்பின் வருவதோ, இவையும் உள, இன்னும் பிறவும் இருக்கலாம் என்னும் குறிப்புடையது. தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டை ஓர் இடைச்சொல்லிலேயே வைத்துக் காட்டியுள்ளது. 'மூவரும் வந்தனர்' என்னும்போது உம்மை முற்று, வரவேண்டியவர் வேறிலர். 'சாத்தனும் வந்தான்' என்னும்போது உம்மை எச்சம். வந்தார் பிறரும் உளர். ஆங்கிலம் இரு வினைகளால் உணர்த்துவதைத் தமிழ் ஒரே உம்மையின் இரு நிலைகளால் உணர்த்துகின்றது.

பட்டியலிட்டு எழுதும் உரைநடையில் இவ்வேலையை 'ஆகிய', 'முதலிய', 'உள்ளிட்ட' என்னும் எச்சங்கள் செய்கின்றன. 'சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர்' என்பது முடிந்த எண். அங்கே 'முதலிய' என்றால் நான்காமவன் யாவன் என்னும் வினா எழும். 'மா, பலா முதலிய மரங்கள்' என்பது முடியாத எண். அங்கே 'ஆகிய' என்றால் வாழை வெளியே நின்றுவிடும். இது பள்ளியிற் பயிற்றப்படும் செய்தியே. ஆயினும் பள்ளியைக் கடந்தபின் நாம் அதனை மறந்துவிடுகின்றோம் என்பதற்கு நாள்தோறும் வெளியாகும் அறிவிப்புகளே சான்று.

'உள்ளிட்ட' என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. உள், இடு என்னும் இரண்டும் சேர்ந்து உள்ளிடு என்றாகும். உள்ளே வைத்தல் என்பது பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு குழுவினரைச் சுட்ட வேண்டிய இடத்தில் அவருள் ஒருவர் பெயரைக் கூறி, அவர் 'உள்ளிட்டார்' எனச் சேர்த்து எழுதுதல் பெருவழக்கு. பெயர் கூறப்பட்டவர் குழுவிற்கு முதல்வராகவோ சார்பாளராகவோ இருப்பர். பெயர் கூறப்படாதார் அவரொடு உடன் எண்ணப்படுவர். ஆகவே இச்சொல்லின் இயற்கை, சிலரைச் சொல்லிப் பலரைக் கொள்ளுதல். 'திண்டுக்கல், பழனி உள்ளிட்ட 10 வட்டங்கள்' என்பது முறையான தமிழ்: இரண்டைச் சொல்லிப் பத்தையும் கொண்டது. '10 வட்டங்கள் உள்ளிட்ட மாவட்டம்' என்னும் தொடரோ, பத்திற்கு மேலும் உள்ளன எனப் பொருள்படும். மேலே இதனைப் பிழையென்றது இதனாலேயே.

நிலக்கொடைச் சாசனம் எழுதியோர் இத்தகைய சொற்களிற் காட்டிய விழிப்பு வியக்கத்தக்கது. நான்கெல்லையும் கூறியபின், எல்லைக்குட்பட்ட நிலத்தில் எதுவும் ஒழியவில்லை என்று வெளிப்பட எழுதுவர். உடும்பு ஓடுமிடமும் ஆமை தவழுமிடமும் சேர்த்துக் கூறுவர். கொடையில் நீக்கவேண்டிய நிலம் இருப்பின் 'நீக்கி' என்று தனித்தெடுத்துச் சொல்வர். நன்செயும் புன்செயும் மட்டுமின்றி மரமும் கிணறும் மேற்பட்டதும் கீழ்ப்பட்டதும் எனப் பெருகிச் செல்லும் அவ்வாய்பாடுகளைப் படிப்பார்க்கு அலுப்புத் தோன்றலாம். ஆனால் சொல்லாது விட்டதொன்று பின்னாளில் வழக்காகும் என்பதை அறிந்தோர் எழுதிய எழுத்து அது. இன்றைய கிரயப் பத்திரங்களில் 'உள்பட', 'நீங்கலாக' என வருவன அம்மரபின் எச்சங்களே.

இவ்விடத்தில் நம் இலக்கணத்தின் மற்றொரு கருத்தும் நினைக்கத்தக்கது. ஒரு சொல், வெளிப்படக் கூறாதொழிந்த தன் இனத்தையும் கொள்ளும் என்பது நன்னூலார் கூறும் விதி. ஒருவன் வெற்றிலை தின்றான் என்றால் பாக்கும் சுண்ணாம்பும் உடன் கொள்ளப்படும். (வத்தலக்குண்டு என்னும் ஊர்ப்பெயர் வெற்றிலைக்குண்டு என்பதன் திரிபெனக் கூறுவாரும் உளர். அது நிற்க.) பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலைக்கு இனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எது இனம், எது இனமன்று என்று வரையறுத்தல் எங்கும் அத்துணை எளிதன்று.

அதற்கு இந்திய அரசியலமைப்பே தக்க சான்று. அதன் முதலாம் உறுப்பு, நாட்டின் நிலப்பரப்பு யாது என்பதைக் கூறுமிடத்துக் 'கம்ப்ரைஸ்' என்னும் வினையையே ஆள்கின்றது: மாநிலங்களின் நிலப்பகுதி, ஒன்றியத்து ஆட்சிப்பகுதிகள், இனிச் சேர்த்துக்கொள்ளப்படக்கூடிய பிற நிலப்பகுதிகள் என மூன்று. பட்டியல் முடிந்த பட்டியலே. ஆயினும் மூன்றாவது உறுப்பு எதிர்காலத்திற்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கின்றது. பட்டியலை மூடவும் வேண்டும், வரலாற்றை மூடவும் கூடாது என்னும் நிலையில் அதனை எழுதினோர் கண்ட வழி அது. அதே அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்போ, அடிப்படை உரிமைகளின் பொருட்டு 'அரசு' என்பது யாது எனக் கூறுமிடத்து 'இன்க்ளூட்' என்னும் வினையை ஆள்கின்றது. ஒன்றியத்தின் அரசாங்கமும் நாடாளுமன்றமும், மாநிலங்களின் அரசாங்கங்களும் சட்டமன்றங்களும், உள்ளாட்சி அமைப்புகளும் பிற அதிகார அமைப்புகளும் என அப்பட்டியல் செல்கின்றது.

இப்பட்டியலின் இறுதியில் நின்ற 'பிற' என்னும் சொல் எத்துணைப் பேரைக் கொள்ளும் என்பதே பின்னர் வழக்காயிற்று. பெண்களைக் கல்லூரியிற் சேர்ப்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதித்த கட்டுப்பாடு குறித்து எழுந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அச்சொல்லை இனம்பற்றிப் பொருள் கொண்டது. முன்னே கூறப்பட்டவை அரசாங்கத் தொழில் புரிவனவாதலின் பின்னே வரும் 'பிற' என்பதும் அவ்வினத்தனவே ஆதல் வேண்டும். பல்கலைக்கழகம் அவ்வினத்ததன்று என்பது அத்தீர்ப்பு. அது 1954-ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டில் இடம்பெற்றது. 1967-இல் இராசத்தான் மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு இனம்பற்றிச் சுருக்குதலை மறுத்தது. முன்னே கூறப்பட்டவற்றுக்குப் பொதுவான ஓர் இனமே இல்லாதபோது, இனத்தை வைத்துப் 'பிற' என்பதைக் குறுக்குதல் எங்ஙனம் என்பது அதன் கருத்து. சொல்லாதொழிந்த இனத்தைக் கொள்ளுதல் பற்றி நம் இலக்கண வகுப்பில் எழும் வினாவே, ஒரு பெண் கல்லூரிக்குள் நுழையலாமா என்னும் வழக்கினுள்ளும் நின்றது. வெற்றிலை பாக்கோடு முடிகிற செய்தியன்று அது.

மீண்டும் திண்டுக்கல்லுக்கு வருவோம். அந்நகரும் சமவெளியும் ஆட்சிப் பிரிவுகளுட் புகுந்தும் நீங்கியும் வந்த வரலாறு இச்சொற்களைச் சோதித்தற்கு ஏற்ற உரைகல். மைசூரார் கையிலிருந்த திண்டுக்கற் சீமை 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியாரிடம் சென்றது. 1801-இற் கருநாடக நாடு அவர் கைப்பட்டபோது மதுரைச் சீமை திண்டுக்கற் கலெக்டரின் பொறுப்பிற் சேர்ந்தது. அப்போது திண்டுக்கல் கொண்டது, மதுரை அடங்கியது. பின்னர் மாவட்டம் மதுரையின் பெயர் பெற்றது. மதுரை கொண்டது, திண்டுக்கல் அடங்கியது. 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாகியபோது மதுரை மாவட்டம் அதனை நீக்கி எஞ்சியதாயிற்று. மலையும் கோட்டையும் வயலும் நின்ற இடத்திலேயே நின்றன. கொள்வதும் கொள்ளப்படுவதும் இடம் மாறின. கொள் என்பது முழுமையின் பக்கம் நின்று பார்க்கும் வினை, அடங்கு என்பது உறுப்பின் பக்கம் நின்று பார்க்கும் வினை என யாம் மேலே இருவேறு நோக்கு என்றது இதனையே.

வருவாய்த்துறையின் வழக்கில் 'உட்கடை' என்றொரு சொல் உண்டு. ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் அமைந்து, தனிக் கிராமமாக எண்ணப்படாத சிற்றூரை உட்கடை என்பர். தாய்க்கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினால் உட்கடைகளும் அதனுட் கொள்ளப்படும். இனி, குடிநீர்த் திட்டம் ஒன்றன் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். 'இன்ன மூன்று ஊர்கள் ஆகிய' என்று எழுதப்பட்டதாயின், அவ்வூர்கள் எனப்பட்டவை வருவாய்க் கிராமங்களா, வெறும் குடியிருப்புகளா என்னும் ஒன்றைத் தெளிந்தால் பொருள் முடிந்தது. 'இன்ன மூன்று ஊர்கள் உள்ளிட்ட' என்று எழுதப்பட்டதாயின், நான்காம் ஊரார் தாமும் உண்டு என்று சொல்லவும் இடமுண்டு. அலுவலர் இல்லை என்று சொல்லவும் இடமுண்டு. எழுதியவர் நடையழகின் பொருட்டு ஒன்றற்கு மற்றொன்றை மாற்றியிருப்பாராயின், அவ்வழகிற்கு விலை கொடுப்பார் வேறு ஊரார். ஆட்சித்தமிழில் 'உள்ளிட்ட' என்பதனை எண்ணிக்கை கூறாது வழங்குதல் கூடாது என யாம் வற்புறுத்துவது இதனாலேயே. 'அ, ஆ உள்ளிட்ட 7 ஊர்கள்' என்று எண் இருப்பின், விடுபட்டவர் தம்மைத் தேடிக்கொள்ளவேனும் வழியுண்டு.

எஞ்சி நிற்பது 'உள்ளடக்கு' என்பது. அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. தானே அமைந்து ஒன்றன்கண் இருத்தல் அடங்குதல். அடக்கத்தைத் திருவள்ளுவர் தனி அதிகாரமாக்கிப் போற்றினார். தேவாரப் பதிகங்கள் அனைத்தும் சேர்ந்த தொகுதிக்கு அடங்கன்முறை என்று பெயர். கிராமக் கணக்குகளுள் புலவாரியாகப் பயிர் முதலியன குறிக்கும் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். இவையெல்லாம் இனியனவே. ஆனால் பிறவினையாகிய அடக்கு என்பது பிறிதொன்றன் ஆற்றலை ஒடுக்குதலையும் குறிக்கும். அடக்குமுறை, குதிரையை அடக்குதல், கலகத்தை அடக்குதல் என வருவன காண்க. பிணத்தைப் புதைத்தலும் அடக்கம் எனப்படும். நூலொன்றின் உள்ளடக்கம், பொருளொன்றின் அடக்கவிலை என அஃறிணைமேல் வருமிடத்து இந்நிழல் தோன்றுவதில்லை. உயர்திணையைச் செயப்படுபொருளாக்கி 'மக்களை உள்ளடக்கிய' என எழுதும்போதுதான் அது தலைகாட்டுகின்றது.

இஃது இன்று வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள சிறாரும் ஏனையோரும் ஒரே வகுப்பிற் பயிலுதலை வற்புறுத்திய சாலமான்காப் பறைசாற்றம் 1994-இல் வெளிவந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் அத்தகைய கல்விக்குத் தரும் இலக்கணத்தில் இரு கூறுகள் உள்ளன: இரு திறத்தாரும் உடன் பயிலுதல் ஒன்று, பயிற்றும் முறையே அச்சிறாரின் தேவைக்கேற்ப மாறியமைதல் மற்றொன்று. இதற்குத் தமிழில் 'உள்ளடக்கிய கல்வி' என்னும் பெயர் பரவியுள்ளது. முதற்கூற்றை அப்பெயர் ஒருவாறு உணர்த்தலாம். இரண்டாம் கூற்றுக்கு அது நேர்மாறானது. அடக்குவது மாறாது, அடக்கப்படுவதே தன்னைச் சுருக்கிக்கொள்ளும். சிலர் 'உள்ளடங்கிய கல்வி' எனத் தன்வினையாக்கி வழங்குவர். அதில் ஒடுக்குதல் இல்லை. ஆயினும் அடங்கிப் போதலைச் சிறார்மேல் ஏற்றுங் குறை அதற்கும் உண்டு.

இப்பொருட்குத் தெருவில் ஆடும் சிறாரிடம் நல்ல சொல் இருக்கின்றது. ஆட்டத்திற்குப் புறம்பாக நிற்கும் பிள்ளை 'என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கின்றது. எச்சவும்மை, சேர்த்தல், கொள்ளுதல் என மூன்றும் அத்தொடரில் ஒருங்கே உள்ளன, அடக்குதல் இல்லை. 'கொள்' ஈண்டுத் துணைவினையாய் நின்று, சேர்ப்பவரும் அச்செயலாற் பயன் பெறுவார் என்னும் குறிப்பைத் தருகின்றது. திண்டுக்கற் சமவெளியில் மணவுறவைக் 'கொள்வினை கொடுப்பினை' என்று கூறுவதிலும் இருபாலும் இயங்கும் இக்கருத்தே உள்ளது. அதே சிறார் வழக்கிலேயே 'உப்புக்குச் சப்பாணி' என்னும் தொடரும் உண்டு. ஆட்டத்திற் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு, அவன் தொட்டாலும் கணக்கில்லை, தொடப்பட்டாலும் கணக்கில்லை என்று விட்டுவைத்த பிள்ளையை அது சுட்டும். சப்பாணி என்பது நடக்க இயலாதவனைக் குறிக்கும் சொல் என்பதை நினைக்குங்கால், எண்ணிக்கையிற் கொண்டு ஆட்டத்திற் கொள்ளாத நிலைக்கு நம் மக்கள் யாரை உவமையாக்கினர் என்பது புலனாகும். 'சேர்த்துக்கொள்ளும் கல்வி' என்னும் பெயர் நீளமானது என்று சிலர் தள்ளக்கூடும். இலக்கண மரபிலிருந்தே வேண்டுமாயின் 'உளப்படு கல்வி' என்று வைக்கலாம். யாம் முன்னதையே விரும்புகின்றோம்.

உளப்படுதல் என்னும் இச்சொல் உரையாசிரியர்கள் தன்மைப் பன்மைக்கு வழங்கியது. பேசுவோன் தன்னொடு பிறரையும் சேர்த்துப் பேசுதலை உளப்பாட்டுத் தன்மை என்பர். அவ்வாறு சேர்க்கப்படுவோர் முன்னிலையாரா, படர்க்கையாரா என்பதை வினைவிகுதி கொண்டே நன்னூலார் வகுத்துக் காட்டினார். 'நாங்கள்' என்றால் கேட்போர் நீங்குவர். 'நாம்' என்றால் கேட்போரும் சேர்வர் என்பது இன்றைய பேச்சிலும் தவறாது நிற்கும் வேறுபாடு. இக்கட்டுரையில் எம் கருத்தைக் கூறுமிடத்து 'யாம்' என்றும், படிப்போரையும் சேர்த்துக் கூறுமிடத்து 'நாம்' என்றும் வழங்கியுள்ளோம். ஆங்கிலத்திற்கு இவ்வேறுபாடு இல்லை. 'வீ' என்பதற்குள் கேட்போன் இருக்கின்றானா இல்லையா என்பதை இடம் நோக்கியே அறிதல் வேண்டும்.

அரசியலமைப்பின் முகப்புரை அவ்வாங்கிலச் சொல்லிலேதான் தொடங்குகின்றது. அதனைத் தமிழாக்கியோர்முன் 'யாம்', 'நாங்கள்', 'நாம்' என மூன்று சொற்கள் இருந்தன. முதலிரண்டில் எதனைக் கொண்டிருப்பினும், சட்டம் இயற்றியோர் ஒருபுறமும் அதனைக் கேட்போர் மறுபுறமுமாகப் பிரிந்திருப்பர். அவர்கள் 'நாம்' என்பதனைத் தேர்ந்தனர். மக்கள் என்னும் பெயரை அதனொடு இணைக்கும் இடத்தில் 'உள்ளிட்ட' என்றோ 'முதலிய' என்றோ எழுதாமல் 'ஆகிய' என்று எழுதினர். மக்கள் முழுமையும் 'நாம்' என்பதில் வந்து முடிந்தனர். அதனுட் சேராது எஞ்சுவார் எவரையும் அத்தொடர் விட்டுவைக்கவில்லை.